டிரங்குப் பெட்டியில் இருக்கும் தாத்தா
வாசகர் கேள்வி – பதில்

எங்கள் தாத்தா கடற்படையில் இருந்து 1975-ல் ஊர் திரும்பியவர். அதன்பிறகு கன்னடியன் கால் பாசனத்தில் நெல்லும் வாழையுமாக, படுக்கையில் விழும்வரை வயல்தான். வருகிற ஐப்பசியில் முதல் வருஷத் திவசம். அன்றைக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் போடலாம் என்று பேரப்பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கிறோம். 'விக்ராந்தில் இருந்தார், 71 சண்டையைப் பார்த்தார்' என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்க?
– ஒரு வாசகி, சேரன்மகாதேவி

அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறங்கள். நேவியிலிருந்து வந்தவர் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி கட்டாயம் இருக்கும். அதன் அடியில் டிஸ்சார்ஜ் புக் என்று வீட்டில் சொல்லும் சேவைச் சான்று கிடக்கும். அதை எடுத்தவுடன் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு. கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். சூட்டில் உருகும் பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது, பழைய மை மங்கவும் செய்யும். எல்லாப் பக்கத்தையும் 600 டி.பி.ஐ.-ல் ஸ்கேன் செய்துவிட்டு, மூலத்தைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

பிறகு ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: தேதி, கப்பல் அல்லது முகாம், அப்போதைய ரேங்க். மலர் போடுகிற குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. 'ஐ.என்.எஸ்.' என்று இருந்தால் அது கப்பல்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கரையில் இருக்கும் கடற்படை முகாம்களுக்கும் அதே முன்னொட்டுத்தான். ஜாம்நகர் வல்சுரா மின்பிரிவுப் பயிற்சி முகாம். லோனாவாலா சிவாஜி எஞ்சின் பிரிவுப் பயிற்சி முகாம், அது இருப்பதோ மலைமேல். கொச்சி வெந்துருத்தி, விசாகப்பட்டினம் சர்க்கார்ஸ், மும்பை ஆங்ரே எல்லாம் கரைதான். நம் விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மனும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் வானொலி நிலையமே. 'தாத்தா சிவாஜி கப்பலில் உலகம் சுற்றினார்' என்று அச்சடித்தால், மலரை வாங்கிப் பார்க்கிற முதல் முன்னாள் நேவிக்காரர் சிரித்துவிடுவார்.

இன்னொரு குழி, ஒரே பெயரில் இரண்டு கப்பல்கள். தாத்தா காலத்து விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் பணியில் சேர்ந்து 1997 ஜனவரியில் ஓய்வு பெற்றது. கொச்சியில் கட்டி 2022 செப்டம்பரில் சேர்ந்தது வேறு கப்பல். இணையத்தில் 'விக்ராந்த்' என்று தேடிக் கிடைக்கிற முதல் படம் அநேகமாகப் புதியதாக இருக்கும். டெல்லி, மைசூர், குக்ரி, ராஜ்புத் என்ற பெயர்களுக்கும் இதே கதைதான். 1957 முதல் 1985 வரை இருந்த மைசூர் ஒரு குரூஸர், 1999-ல் வந்த மைசூர் ஒரு டெஸ்ட்ராயர்.

71 பாகிஸ்தான் போர் விஷயத்தை மெடலை வைத்துச் சரிபார்க்கலாம். போரின்போது விக்ராந்த் வங்கக் கடலில் நின்றது. டிசம்பர் 4 அன்று அதன் ஸீஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அந்தக் கப்பலில் இருந்தவருக்குக் கிழக்குப் போர்முனை மெடலான பூர்வி ஸ்டார் இருக்க வேண்டும். பெட்டியில் கிடைப்பது பஸ்சிமி ஸ்டார் என்றால், அவர் அந்த நாட்களில் மேற்கே இருந்திருக்கிறார். விக்ராந்தில் இருந்தது வேறு வருஷமாக இருக்கும். அதனால் ஒரு குறைவும் இல்லை. கராச்சியைத் தாக்கியதும், டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கி 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனதும் மேற்கில்தான். தாத்தா எஞ்சின் பிரிவென்றால் அவர் கூட்டாளிகளிடம் ஒன்று கேளுங்கள். 71-ல் விக்ராந்தின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல் இருந்தது, வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் போருக்குப் போனது. கீழே பாய்லர் அறையில் நின்றவர்களிடம் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

ஊர்க்காலத்துக்கு டிஸ்சார்ஜ் புக் உதவாது. அதற்கு என்ன செய்வது என்பதைக் கீழே களக்காடு வாசகிக்குச் சொல்லியிருக்கிறோம், அதையும் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கே இல்லை. 92 வெள்ளத்தில் போய்விட்டது. நேவி எண்ணும் தெரியாது. இனி வழி உண்டா?
– ஒரு வாசகர், முக்கூடல்

உண்டு. எண்ணை நான்கு இடங்களில் தேடலாம். முதலாவது, மெடலின் விளிம்பு. முகப்பை எல்லோரும் பார்க்கிறார்கள், விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. எண், ரேங்க், பெயர் அங்கே பொறித்திருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். அடுத்தது பென்ஷன் ஆணையான பி.பி.ஓ. மூன்றாவது, பென்ஷன் வந்த வங்கிக் கிளை. நான்காவது, வண்ணாரப்பேட்டை வீட்டில் இருக்கும் மாமாவோ பம்பாயில் இருக்கும் சித்தப்பாவோ பத்திரப்படுத்திய இன்லேண்ட் லெட்டர். அனுப்புநர் முகவரியில் எண்ணையும் எழுதியிருக்கலாம். எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து வந்தால் அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்ததும் மும்பை மான்குர்த், சீட்டா கேம்ப்பில் இருக்கும் கமோடர், பீரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மாலுமிகளின் பதிவேடுகள் அங்கேதான். (அதிகாரி ரேங்க்கில் போனவர்களுக்கு டெல்லி தலைமையகம்.) கடிதத்தில் பெயர், எண், சேர்ந்த வருஷமும் விலகிய வருஷமும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது. இணைப்பாக இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கேட்பவரின் ஆதார். மனைவி உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்தில் போவது நல்லது, பேரன் கேட்டால் இழுக்கும். பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்பினால் கடிதம் வழியில் தொலையாது.

அதற்குள் பழைய போட்டோவைப் பாருங்கள். தொப்பியைச் சுற்றிய கறுப்பு ரிப்பனில் கப்பல் பெயர் இருக்கும். இடது கையில் ஒற்றை நங்கூரம் என்றால் லீடிங் ரேங்க். குறுக்காக இரண்டு நங்கூரம் என்றால் பெட்டி ஆபீஸர். அதன் கீழே போலீஸ்காரர் போல வி வடிவப் பட்டைகள் இருந்தால் அது ரேங்க் அல்ல, நன்னடத்தைக்கும் சேவை வருஷத்துக்கும் கொடுப்பது. அதைப் பார்த்து 'ஹவில்தார்' என்று எழுதியவர்களும் உண்டு. வலது கையில் மூன்று இறக்கை விசிறி இருந்தால் எஞ்சின் பிரிவு. 'ரைட்டர்' என்று எங்காவது கண்டால் எழுத்தாளர் என்று பொருள் கொள்ளாதீர்கள், அது அலுவலகப் பிரிவு.

அப்பாவின் பெட்டியில் கண்டினுவஸ் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் என்ற புத்தகம்தான் இருக்கிறது. கப்பல் பெயர்கள் எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். இதை வைத்து அம்மாவுக்குக் கடற்படைப் பென்ஷன் கேட்கலாமா?
– ஒரு வாசகர், கூட்டப்புளி

முடியாது. அது சி.டி.சி., வணிகக் கப்பலில் வேலை பார்த்தவருக்குக் கப்பல் துறை கொடுப்பது. அப்பா மர்ச்சன்ட் நேவி. நம் கடற்கரை ஊர்களில் இரண்டையும் 'நேவி' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. மாலுமிகள் சேமநல நிதி பாக்கி ஏதும் உண்டா என்று மும்பையில் இருக்கும் அந்த நிதியின் அலுவலகத்திடம் கேளுங்கள். மலரில் 'வணிகக் கப்பல் மாலுமி' என்றே போடுங்கள், அதுவும் லேசான பிழைப்பு அல்லவே.

தாத்தா போன மாதம் 12-ஆம் தேதி தவறிவிட்டார். மாதக் கடைசியில் பென்ஷன் வழக்கம்போல் வரவு வந்துவிட்டது. ஏ.டி.எம். கார்டு எங்களிடம் இருக்கிறது. ஆச்சிக்கு இனி என்ன வரும்?
– ஒரு வாசகர், பணகுடி

அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். இறந்த நாளுக்கும் சேர்த்து, அதாவது 12 வரைதான் அவருடைய பென்ஷன். 13 முதல் ஆச்சியின் குடும்பப் பென்ஷன் தொடங்குகிறது. மிகுதியாக வந்ததைத் திரும்பப் பிடிப்பார்கள். எடுத்துச் செலவழித்திருந்தால் ஆச்சியின் கணக்கு தொடங்குவதே தாமதமாகும்.

இறப்பை 21 நாளுக்குள் உங்கள் ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள், அதுவரை கட்டணம் கிடையாது. பெயரின் எழுத்து பி.பி.ஓ.-வில் இருப்பது போலவே இறப்புச் சான்றிதழிலும் வர வேண்டும். இன்ஷியல் முன்னே பின்னே இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். பிறகு பாதுகாப்புத் துறையின் ஸ்பர்ஷ் இணையத்தில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் கைவராதவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் பொதுச் சேவை மையங்களும் இதைச் செய்து கொடுக்கின்றன. ஆச்சி பெயரில் தனி வங்கிக் கணக்கு, ஆதார், பான், கைபேசி எண் தயாராக இருக்கட்டும். கைபேசி எண் பேரனுடையதாக இருந்தால், பேரன் துபாய்க்குப் போன பிறகு ஓ.டி.பி.-க்காக யாரும் அலையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகை: ஓய்வுக்குப் பின் இறந்தவருக்கு, அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் தேதி அல்லது ஏழு வருஷம், எது முன்னதோ அதுவரைதான் உயர்ந்த விகிதம். தாத்தா அந்த வயதைத் தாண்டியவர் என்றால் சாதாரண விகிதம், கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம். குறைந்தது 9,000 ரூபாயும் அதன்மேல் அகவிலை நிவாரணமும். ஆச்சிக்கு 80 நிறைந்தால் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40. இது ஆச்சியின் வயதைப் பொறுத்தது, தாத்தா வயதை அல்ல. ஆகவே ஆச்சியின் பிறந்த தேதி பி.பி.ஓ.-வில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஏறாமல் கிடந்து, 80 தாண்டிய பிறகும் பழைய தொகையையே வாங்கிக்கொண்டிருக்கும் ஆச்சிமார் ஊருக்கு ஊர் உண்டு. ஆச்சியின் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருந்தால் (கல்யாணத்தில் மாற்றிய பெயர், வீட்டுப் பெயர்), இருவரும் ஒருவரே என்ற பிரமாண வாக்குமூலத்தோடு முதலில் அதைத் திருத்த வேண்டும்.

பெரியப்பாவுக்கு இரண்டு பிறந்த தேதி. ஜாதகத்தில் 'கொல்லம் 1115, ஐப்பசி' என்று இருக்கிறது. நேவி ரிகார்டில் 1941. எதைப் போடுவது?
– ஒரு வாசகர், பத்தமடை

கொல்லம் ஆண்டு நம் பக்கம் ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் மார்கழி முற்பாதி வரை 824 கூட்டுங்கள், ஜனவரி பிறந்தபின் 825. ஆக 1115 ஐப்பசி என்றால் 1939 அக்டோபர், நவம்பர். ஜாதகத்தில் 'பிரமாதி வருஷம்' என்றும் இருந்தால் கணக்கு சரி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதிதான் நேவிக்குப் போயிருக்கும். மலரிலும் கல்லறையிலும் ஜாதகத் தேதியைப் போடலாம். அரசாங்கத்துக்குப் போகிற எந்தத் தாளிலும் நேவி தேதியைத் தவிர வேறு எழுதக் கூடாது.

மாமனாரைப் பற்றி நாங்கள் எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். 'அயராத உழைப்பாளி, பாசமிகு தந்தை, ஓய்வறியாச் செம்மல்' என்று வருகிறது. படித்தால் யாரோ ஒருவர் மாதிரி இருக்கிறது. என்ன குறை?
– ஒரு வாசகி, களக்காடு

குறை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த மூன்று சொல்லையும் எந்தத் துட்டி வீட்டுப் போஸ்டரிலும் ஒட்டலாம். 'கப்பலோட்டிய தமிழன்' என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டம் ஒட்டப்பிடாரத்துக்காரர் ஒருவருக்கு உரியது, அவரிடமே இருக்கட்டும்.

உழைப்பை எண்ணிக் காட்டுங்கள். நீங்கள் அனுப்பிய விவரப்படி அவர் மூன்று ஏக்கரில் வாழை போட்டிருக்கிறார். ஆறடிக்கு ஆறடி என்றால் ஏக்கருக்கு 1,200 கன்று, மூன்று ஏக்கருக்கு 3,600. களக்காட்டு ஆனி, ஆடிக் காற்றுக்கு முன் குலை தள்ளிய ஒவ்வொரு வாழைக்கும் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பை நட்டு, வாழையோடு சேர்த்து நாரால் கட்ட வேண்டும், இறுக்கினால் தண்டு வெட்டுப்படும், தளர்த்தினால் காற்று சாய்த்துவிடும். இதை 60 வயதுக்கு மேல் ஓர் ஆள் வருஷா வருஷம் செய்திருக்கிறார். 'ஓய்வறியாச் செம்மல்' சொல்லாததை 3,600 என்ற எண் சொல்லிவிடுகிறது.

இந்த விவரங்களை எங்கே எடுப்பது? மொய் நோட்டை எடுங்கள். யார் கல்யாணம் எந்த வருஷம், அன்றைக்குக் குடும்பம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சரித்திரம் கிடையாது. கிஸ்தி ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் பாஸ்புக், பழைய ரேஷன் கார்டு, வாழைத்தார் மண்டிச் சிட்டை, தினசரி காலண்டரின் பின்னால் எழுதிய கூலிக் கணக்கு, எல்லாம் சேருங்கள். கடன் வாங்கியது கௌரவக் குறைவு என்று அதை மறைக்கப் பார்க்கிறீர்கள். எந்த மகள் கல்யாணத்துக்கு வாங்கி, எத்தனை அறுவடையில் அடைத்தார் என்பதுதானே வாசிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

வருஷம் நினைவில்லை என்பார்கள். தேதியைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு (1964 டிசம்பர்) முன்னா பின்னா? திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது (1981) வீடு கட்டியாகிவிட்டதா? தூத்துக்குடி தனி மாவட்டமானபோது (1986) பெரியவன் எந்த வகுப்பு? 92 நவம்பர் வெள்ளத்தில் பயிர் நின்றதா, போனதா? இப்படி நான்கு முளை அடித்துவிட்டால் மற்றதெல்லாம் அவற்றுக்கு நடுவில் தானாகப் போய் உட்காரும்.

அத்தையிடம் பேசிப் பதிவு செய்யுங்கள், ஆனால் பதினாறு கழிவதற்குள் வேண்டாம். ஒரு மாதமாவது போகட்டும். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், அதன் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். போனை மடித்த துண்டின் மேல், அவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள், விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு. 40 நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். 'மாமா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'நல்ல மனுஷன்' என்பதோடு முடிந்துவிடும். அவருடைய மண்வெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, 'இதுக்கு எத்தனை தரம் காம்பு மாத்துனாக?' என்று கேட்டுப் பாருங்கள். கோபக்காரர் என்று நான்கு பேர் சொன்னால் அதுவும் மலரில் வரட்டும். எதற்குக் கோபம் வரும் என்பதோடு வந்தால் போதும். அந்த வயலில் கூடவே நின்ற கூலியாட்களையும் கேளுங்கள், குடும்பத்தாருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய குடும்ப மரத்தில் மகன்களும் அவர்கள் பிள்ளைகளும் மட்டும் பெயரோடு இருக்கிறார்கள், மகள்கள் 'இரு பெண்கள்' என்று முடிந்துவிட்டார்கள். இதைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அச்சைப் பற்றி: பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும், 16 போதும், நடுவில் பின் அடித்துவிடலாம். படம் ஆறங்குல அகலத்தில் வர வேண்டுமானால் 1,800 பிக்ஸலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அச்சகத்தில் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, ஔகாரம் உடையும். கணினியில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் தாளில் ஒரு புரூஃப் வாங்கி, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சித்தப்பா கடற்படையில் 20 வருஷம் இருந்தவர். உடல்மேல் தேசியக் கொடி போர்த்தலாமா? மலரின் அட்டையில் கடற்படைக் கொடி போடலாமா?
– ஒரு வாசகர், திசையன்விளை

அரசு மரியாதையோ படை மரியாதையோ இல்லாத, வீட்டார் நடத்தும் சவ அடக்கத்தில் போர்த்தக் கூடாது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாகச் சொல்கிறது. படை மரியாதை நடக்குமானால் காவி நிறம் தலைமாட்டில் இருக்க வேண்டும். குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது, முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். கொடியில் பெயர் அச்சடிப்பதும் தப்பு.

கடற்படைக் கொடியை அட்டையில் போடுவதென்றால் அவர் காலத்துக் கொடியைப் போடுங்கள். இப்போதைய எண்கோணச் சின்னக் கொடி 2022-ல்தான் வந்தது. 1950 முதல் 2001 வரை பறந்தது வெள்ளையில் சிவப்புச் சிலுவைக் கோடும் மேல் மூலையில் மூவர்ணமும் கொண்டது. சிலுவையைப் பார்த்துவிட்டு 'இது நம்ம கொடி இல்லையே' என்று டிசைன் செய்கிற பையன் மாற்றிவிடுவான், பக்கத்தில் நில்லுங்கள்.

அப்பாவின் வெள்ளை யூனிபார்ம், மெடல், போட்டோக்கள் எல்லாம் உப்புக்காற்றில் கெட்டுக்கொண்டு வருகின்றன. எப்படிக் காப்பது?
– ஒரு வாசகி, உவரி

யூனிபார்மை ஒருமுறை நீலமும் கஞ்சியும் இல்லாமல் துவைத்து, நிழலில் முற்றக் காயவைத்து வையுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும், வியர்வைக் கறை தங்கினால் மஞ்சள் ஏறும். பாலித்தீன் பை வேண்டாம், ஈரம் உள்ளேயே வேர்க்கும். பழைய வேட்டியில் சுற்றி, மடிப்புகளுக்குள் துணிச்சுருள் வைத்து, வருஷத்துக்கு இரண்டு தரம் மடிப்பை மாற்றுங்கள். நாப்தலின் உருண்டை துணியிலோ பிளாஸ்டிக் பொத்தானிலோ நேராகப் படக் கூடாது. வேப்பிலை போடுகிறவர்கள் நொறுங்கும் அளவுக்குக் காயவைத்துத் துணியில் முடிந்து போடுங்கள், பச்சை ஈரம் இருந்தால் கறை பிடிக்கும். வசம்புத் துண்டு அதைவிட நல்லது.

மெடல்கள் பெரும்பாலும் குப்ரோ நிக்கல். விபூதி, பிராசோ, எலுமிச்சை எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க விளிம்பு எழுத்து தேய்ந்துபோகும். மெல்லிய துணியால் துடைத்து, ரிப்பன் வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். ரிப்பன் நிறம் ஒரு தரம் வெளுத்தால் திரும்பாது.

போட்டோ ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள். கண்ணாடியோடே வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். எதிரில் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் உங்கள் முகம் கண்ணாடியில் விழாது. புதிதாக ஃபிரேம் போடுகையில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். கடலைப் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம், உள்சுவரில் மாட்டுங்கள். பின்பக்கத்தில் யார், எங்கே, எப்போது என்பதை மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். வரிசையில் நிற்கும் மற்ற மாலுமிகளின் பெயர்களும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.